கால் நடக்க முதுகில் ஆபரேஷன்: சர்ஜனைத் தேடுவதும், வீட்டுக்கு வந்த பிறகும்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன்: "ஆத்தாவுக்கு 68 வயது. கானாடுகாத்தான் வீட்டில் துணைக்கு ஒரு ஆளோடு இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகின்றன, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. சர்க்கரை உண்டு. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 இடத்தில் (கீழ் முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே) நரம்புப் பாதை ரொம்பக் குறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். மதுரை டாக்டர் ஸ்க்ரூ போட்டு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். திருச்சி டாக்டர் ஆபரேஷன் போதும், ஸ்க்ரூ வேண்டாம் என்கிறார். காரைக்குடியில் ஒருவர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். யாரை நம்புவது? ஆபரேஷன் ஆனால் எத்தனை நாளில் நடப்பார்கள்? பழநி பாதயாத்திரையை விட்டுவிட வேண்டியதுதானா? எனக்கு எத்தனை நாள் லீவு வேண்டும்?"

நான் சர்ஜன் இல்லை. காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று முதுகு ஆபரேஷன் முடித்து ஊர் திரும்புகிறவர்களை வீட்டில் வைத்து நடக்கப் பழக்குவது என் வேலை. அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று டாக்டர்களையும் சற்று ஒதுக்கி வையுங்கள். ஆத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கால் தொல்லையா, இடுப்பு வலியா, எது உங்களை முடக்குகிறது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கால்தான். இது ரொம்ப முக்கியம். நரம்பு அழுத்தத்தை எடுக்கும் ஆபரேஷன் முதுகில் நடந்தாலும் அது காலுக்கான வைத்தியம். காலில் இறங்கும் வலி, கனம், மரப்பு, நடக்க முடியாமை இவற்றுக்குத்தான் அது நன்றாக வேலை செய்கிறது. வெறும் இடுப்பு வலிக்காக இதைச் செய்துகொண்டவர்களில் பலர் பிறகு என்னிடம் "இவ்வளவு செலவு பண்ணியும் வலி அப்படியேதான் இருக்கு" என்று வருகிறார்கள். ஆபரேஷனில் பெரும்பாலும் குறை இருக்காது. அது சரி செய்யக்கூடிய வலி அவர்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்றால், கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே கால் நரம்புகள் இறங்கும் பாதை ஒன்று உண்டு. வயது ஏற ஏற முன்பக்கம் டிஸ்க் பிதுங்குகிறது, பக்கவாட்டில் சின்ன மூட்டுகள் பருக்கின்றன, பின்பக்கம் இருக்கும் மஞ்சள் தசைநார் தடிக்கிறது. மூன்றும் சேர்ந்து நெருக்குகின்றன. இந்த நோய்க்கு ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்று பெயர். நிமிர்ந்து நின்றால் பாதை இன்னும் குறுகும், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் இந்த நோய்க்காரர்கள் தெருவில் நாலு வீடு தாண்டியதும் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே ஆள் சைக்கிளில் மூன்று மைல் போய் வருவார். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி அரைமணி நேரம் சுற்றுவார். பிள்ளையார்பட்டியில் வரிசையில் நிமிர்ந்து நிற்கச் சொன்னால் மட்டும் பத்து நிமிஷத்தில் கால் கனத்துவிடும். ஆத்தா நடக்கும்போது தொடையில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நடக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நடை பல நேரங்களில் எம்ஆர்ஐயை விடத் தெளிவாகப் பேசும்.

சர்க்கரை இருப்பதால் வேறு இரண்டு விஷயங்களையும் பார்த்தாக வேண்டும். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். ஆனால் அதில் உட்கார வேண்டியதில்லை, நின்றாலே வலி விட்டுவிடும். பாதத்தில் நாடித்துடிப்பு குறைந்திருக்கும், டாப்ளர் என்ற ரத்த ஓட்ட ஸ்கேனில் தெரிந்துவிடும். சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் இரவில் படுத்த பிறகும் உள்ளங்கால் எரியும், நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இந்த இரண்டையும் முதுகு ஆபரேஷன் தொடக்கூட முடியாது. கூடவே தொடை இடுக்கில் வலி இருந்தால் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆத்தாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, குதிகாலில் நடக்கச் சொல்லி, கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிச் சோதித்த டாக்டர் யார், படத்தை மட்டும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தேதி கொடுத்தவர் யார்? உங்கள் கேள்வியில் அது இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஏனென்றால் எம்ஆர்ஐ தனியாகப் பெரிதாக எதையும் சொல்லாது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. வலியில்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். ஆக 68 வயதில் படத்தில் ஒன்றும் இல்லை என்றால்தான் ஆச்சரியம். படத்தில் நெருக்கம் இருக்கும் இடமும், காலில் மரப்பு இருக்கும் இடமும், டாக்டர் கையால் சோதித்துக் கண்டதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

சரி, மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னது ஏன்? யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றுக்கும் காரணம் இருக்கலாம்.

ஊசி என்பது முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே ஸ்டீராய்டு செலுத்துவது. சிலருக்குச் சில வாரங்கள் வலி குறையும். பாதை குறுகியது குறுகியபடியே இருக்கும். 2014-ல் அமெரிக்காவில் இதே நோயுள்ள 400 பேரிடம் சோதித்தார்கள். ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் கலந்து போட்டவர்களுக்கும், வெறும் மரப்பு மருந்து போட்டவர்களுக்கும் ஆறு வாரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். உடனே ஆபரேஷன் செய்ய முடியாத நிலை, வீட்டில் கல்யாணம், இருதயச் சோதனை பாக்கி என்று காலம் கடத்த வேண்டியிருந்தால் ஊசிக்கு இடமுண்டு. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்க்ரூ விஷயம்தான் பெரிய சண்டை, உலகம் முழுக்க. நரம்பை விடுவிக்க எலும்பின் பின்பகுதியில் கொஞ்சமும் தடித்த தசைநாரையும் எடுப்பார்கள். அதோடு நிறுத்தலாம். அல்லது இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ, ராடு போட்டு அசையாமல் சேர்த்துவிடலாம். ஸ்வீடனில் 247 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷத்திலும் சரி, ஐந்து வருஷத்திலும் சரி, ஸ்க்ரூ சேர்த்தவர்கள் கூடுதலாக எதுவும் பெறவில்லை. ஆபரேஷன் நேரமும் செலவும் ஆஸ்பத்திரி நாட்களும்தான் கூடின. எலும்பு முன்னால் நகர்ந்திருந்தவர்களிடம் நார்வேயில் செய்து 2021-ல் வந்த ஆய்வும் நரம்பை மட்டும் விடுவிப்பது சளைத்ததல்ல என்றது. ஸ்வீடன் ஆய்வு வந்த அதே சமயத்தில் ஓர் அமெரிக்க ஆய்வு, எலும்பு நகர்ந்தவர்களுக்கு ஸ்க்ரூவால் சிறிது கூடுதல் பலன் இருப்பதாகச் சொன்னது என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால் "ஸ்க்ரூ என்றாலே காசு பிடுங்கும் வேலை" என்று சொல்ல மாட்டேன். முதுகைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஆடினால், முதுகு பக்கவாட்டில் வளைந்திருந்தால், நரம்பை விடுவிக்கவே மூட்டின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தால் ஸ்க்ரூ வேண்டும்தான். இப்போது நீங்கள் மதுரை டாக்டரிடம் கேட்க வேண்டியது: "குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் என்ன பார்த்தீர்கள்? எந்தக் காரணத்துக்காக ஸ்க்ரூ?" திருச்சி டாக்டரிடம்: "ஸ்க்ரூ போடாமல் விட்டால் பின்னால் எலும்பு நகர வாய்ப்பு இருக்கிறதா?" அந்த எக்ஸ்ரேயே எடுக்காமல் ஸ்க்ரூ என்று சொல்லியிருந்தால் இன்னொருவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவசரம் உண்டா? ஆத்தாவுக்கு இருக்கும் குறிகளில் அவசரம் தெரியவில்லை. இந்த நோயில் பலர் வருஷக்கணக்கில் அதே நிலையில் இருப்பார்கள், சிலருக்கு மெதுவாகக் கூடும். ஆனால் சிறுநீர் முட்டியும் வராமல் போவது அல்லது தெரியாமலே போய்விடுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்ச்சி மரத்துப்போவது, பாதம் திடீரென்று தொங்கிப்போவது, இரண்டு காலும் நாளுக்கு நாள் பலமிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் ஓபிக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, எடை குறைவு, படுத்தாலும் தணியாத ராத்திரி வலி இருந்தால் கிருமித்தொற்று, முதுகெலும்புக் காசநோய், புற்று என்று வேறு திசையில் தேட வேண்டும். கைவிரல் தடுமாறிச் சேலைக் கொசுவம் செருக முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, நடக்கும்போது தள்ளாடுகிறார்கள் என்றால் கழுத்துப் பகுதியையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் ஒருசேர நெருக்கம் இருப்பவர்கள் உண்டு, கழுத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும்.

இனி ஆளைத் தேடுவது. எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு பேரும் செய்கிறார்கள். எம்எஸ் ஆர்த்தோ முடித்தவரானாலும் எம்சிஎச் நியூரோ சர்ஜரி முடித்தவரானாலும், அவருடைய அன்றாட வேலையே முதுகெலும்பா என்பதுதான் கேள்வி. முதுகெலும்புக்கென்று எஃப்என்பி என்ற தேசியத் தேர்வு வாரியத்தின் மேற்பயிற்சி உண்டு, அது இருந்தால் நல்லது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்பதை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் மாற்று, எலும்பு முறிவு, முதுகு என்று எல்லாவற்றையும் செய்கிறவரை விட, வாரம் தவறாமல் இந்த ஆபரேஷனைச் செய்கிறவரே மேல்.

நம் பக்கத்துக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், காரில் இரண்டு மணி நேரத்துக்குள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையும் எலும்புத் துறையும் இருக்கின்றன, செலவில்லாமல் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், கூட ஒரு ஆள் முழுநேரம் வேண்டும். அவ்வளவு கூட்டம் பார்க்கும் கைகளுக்கு அனுபவத்தில் குறைவிருக்காது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்கு முதுகெலும்பில் நல்ல பெயர், வேலூர் சிஎம்சியில் முதுகெலும்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. (நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையே 1949-ல் ஜேக்கப் சாண்டி வேலூரில் தொடங்கியதுதான். அடுத்த வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். வடக்கே போக வேண்டிய அவசியம் நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.) சிக்கலான கேஸ், ஏற்கெனவே ஒரு முறை ஆபரேஷன் ஆனவர், முதுகு வளைவு உள்ளவர் இவர்களுக்கு அவ்வளவு தூரம் போவது நியாயம். ஒரே இடத்தில் நெருக்கமுள்ள ஆத்தாவுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் சென்னையில் இருப்பதால் அங்கேயே செய்துவிடலாமா என்று யோசிப்பீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஆறு வாரம் ஆத்தா எங்கே இருக்கப் போகிறார்களோ, அந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சர்ஜன் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. புண்ணில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், ஆபரேஷன் செய்தவரே பார்ப்பது நல்லது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் உங்களோடு இரண்டு மாதம் இருக்க ஆத்தா சம்மதித்தால் சென்னை. "என் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்றால், நம் ஊர் ஆத்தாக்கள் அநேகமாக அப்படித்தான் சொல்வார்கள், மதுரை அல்லது திருச்சி.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியையும் எடுத்துப்போங்கள். டியூப்லைட்டுக்கு முன்னால் ஃபிலிமைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்து யாரும் ஒழுங்காகக் கருத்துச் சொல்ல முடியாது, சொன்னால் அதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. அங்கே கேட்க வேண்டியவை: கத்தி வைக்கப்போவது நீங்களேதானா, உதவி டாக்டரா? படத்தில் எந்த இடம் என்று எங்களுக்குக் காட்ட முடியுமா? மூன்று மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஆபரேஷனுக்குப் பிறகும் எது சரியாகாது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். "எல்லாம் சரியாகிடும்மா" என்பவரை விட, "கால் வலி குறையும், நடக்கும் தூரம் கூடும், மரப்பு முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, இடுப்பு வலி கொஞ்சம் இருக்கலாம்" என்பவரிடம் நான் என் வீட்டு ஆளைக் கூட்டிப்போவேன். எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்குகிறோம், மரியாதைக் குறைவு என்று. தயங்க வேண்டாம், நல்ல சர்ஜன் அதற்குக் கோபப்பட மாட்டார்.

செலவை எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜில் ஸ்க்ரூ, ராடு சேர்ந்ததா, தனியா? ஐசியூ ஒரு நாள் ஆனால் எவ்வளவு? தனியார் இன்சூரன்ஸ் இருந்தால் முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி குறிக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அட்டையைக் காட்டலாம். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் வீட்டில் துணைக்கு இருக்கும் அம்மாவுக்குப் பொருந்தலாம், அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நரம்பு அழுத்தத்தை எடுக்கும் ஆபரேஷனுக்கு உள்ள டிகம்ப்ரஷன் என்ற பெயரை இழுவை மேசைக்கும் வைத்து, ஆபரேஷன் இல்லாமலே டிஸ்க்கை உள்ளே தள்ளுகிறோம் என்று பத்து, இருபது சிட்டிங் பணம் கட்டச் சொல்கிறார்கள். தடித்த தசைநாரும் பருத்த மூட்டும் இழுத்தால் இளைக்காது. லேசர், எண்டோஸ்கோப் விளம்பரங்கள் வேறு ரகம். எண்டோஸ்கோப்பில் உண்மையிலேயே நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தழும்பு சின்னது, முதல் வார வலி குறைவு. ஆனால் கடைசியில் நரம்பு முழுதாக விடுபட்டதா என்பதுதான் கணக்கு, துளையின் அளவு அதற்குப் பிறகுதான். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவதில் தப்பில்லை. இடுப்பைத் திருகிச் சொடுக்கு எடுப்பவரிடம் மட்டும் போக வேண்டாம்.

"முதுகுத்தண்டைத் தொட்டால் அப்புறம் படுக்கைதான்" என்று ஊரில் யாராவது ஆத்தாவிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு இதைச் சொல்லுங்கள்: தண்டுவடம் என்பது பெரியவர்களுக்குக் கீழ் முதுகின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5-ல் இருப்பவை அதிலிருந்து தனித்தனி இழையாகக் கீழே தொங்கும் நரம்புகள். அங்கே செய்யும் ஆபரேஷனில் இரண்டு காலும் முழுதாக விழுந்துவிடுவது மிக அபூர்வம். ஆபத்தே இல்லை என்றும் சொல்லக் கூடாது. நரம்புகளைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியலாம், பெரும்பாலும் அங்கேயே தைத்துவிடுவார்கள், ஓரிரு நாள் தட்டையாகப் படுக்க வைப்பார்கள். புண்ணில் கிருமி பிடிக்கலாம், சர்க்கரை கூடியிருந்தால் அந்த வாய்ப்பும் கூடும். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும்.

அதனால் தேதி குறிக்கும் முன் மூன்று மாதச் சர்க்கரை அளவை (எச்பிஏ1சி) பாருங்கள். 8-க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள், அவர்கள் சொல்வது சரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் முன்னால் என்பதை இருதய டாக்டரும் சர்ஜனும் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

வீட்டைத் தயார் செய்வதை ஆத்தா மதுரையில் படுத்திருக்கும்போது போனில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, முன்பே முடித்துவிடுங்கள். நம் ஊர் வீடுகள் முதுகு ஆபரேஷன் ஆனவருக்கு எதிரியும் கூட்டாளியும். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் உயரப் படிகள், வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் (பகுதிக்கும்) ஒரு நிலைப்படி, கடைசிக் கட்டுக்கும் பின்னால் குளியலறை. ராத்திரி ஒரு தடவை பாத்ரூம் போக வளவு என்னும் நடுமுற்றத்தையும் இரண்டாங்கட்டையும் தாண்ட வேண்டும். ஆத்தங்குடிக் கல் தரை அழகுதான், தண்ணீர் பட்டால் வழுக்கும், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் முதல் வாரங்களில் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். அந்த மாத்திரையும் அந்தத் தரையும் சேர்ந்தால் இடுப்பு எலும்பு முறிந்துதான் மறுபடி ஆஸ்பத்திரி. ஆத்தாவின் கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்துக் கட்டுக்கு மாற்றுங்கள். எண்ணெய்த் துடைப்பை இரண்டு மாதம் நிறுத்தச் சொல்லுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையானால் மேலே போடும் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி. கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது. பழைய தேக்குக் கட்டில் சிலது ஏறவே படி வேண்டும், அதுவும் ஆகாது. பாயில் படுப்பதும், தரையில் இலை போட்டுச் சாப்பிடுவதும், குனிந்து கோலம் போடுவதும் இப்போதைக்கு இல்லை. கூட்டாளி என்றேனே, அது வளவைச் சுற்றிய தாழ்வாரம். வெயில் படாது, சமதளம், பிடிக்கத் தூண் உண்டு. நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. முதல் நாள் நாலு தூண், மறுநாள் எட்டுத் தூண் என்று ஆத்தாவே கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஸ்க்ரூ இல்லாத ஆபரேஷன் என்றால் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள். மூன்று நாளுக்குள் பெரும்பாலும் வீடு. ஸ்க்ரூ போட்டால் கூட ஓரிரு நாள், முழுதாகத் தேற இன்னும் சில மாதம். படுக்கையிலிருந்து எழும் முறையை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் ஆத்தாவும் துணை அம்மாவும் செய்து காட்ட வேண்டும்: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே முழங்கையை ஊன்றி எழுவது. மல்லாந்தபடி தலையைத் தூக்கி எழக் கூடாது, யாரும் கையைப் பிடித்து இழுத்துவிடவும் கூடாது. காரில் வரும்போது முன் சீட்டைச் சாய்த்து உட்கார வைத்து, மதுரையிலிருந்து என்றால் மேலூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு முறை இறக்கி நாலு எட்டு நடக்க விடுங்கள்.

முதல் ஆறு வாரம் விதி மூன்றுதான். குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் அதைவிட அதிகம். ஒரே இருப்பாக அரைமணிக்கு மேல் உட்கார வேண்டாம், சீரியல் பார்த்தாலும் விளம்பர இடைவேளையில் எழுந்து நடக்கட்டும். நடப்பதுதான் மருந்து, ஒரே மூச்சில் நீளமாக நடக்காமல் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. தையல் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிரிப்பார்கள், சர்க்கரை உள்ளவருக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளலாம். புண் நன்றாக ஆறும்வரை ஆபரேஷன் இடத்தில் எண்ணெய், மஞ்சள், விபூதி எதுவும் படக் கூடாது. வலி மாத்திரையில் மலச்சிக்கல் வரும், முக்கினால் முதுகும் வலிக்கும். கீரை, தண்ணீர், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மலமிளக்கி. டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி நாட்கணக்கில் போடுவது சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு ஆகாது. பெல்ட்டை டாக்டர் சொன்ன நாள் மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் பெல்ட்டிலேயே இருந்தால் முதுகுத் தசை சோம்பிவிடும்.

இதில் எல்லோரும் பயப்படும் ஒரு கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில நாள் கால் அதிசயமாக லேசாகிவிடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பழைய குடைச்சல், சுரீர் என்ற இழுப்பு திரும்ப வரும். "ஆபரேஷன் ஃபெயில்" என்று குடும்பமே போன் போடும். விடுபட்ட நரம்பில் வீக்கம் இருக்கும்வரை இப்படி வந்து வந்து போவது சகஜம், நடையைப் பாதியாகக் குறைத்தால் சில நாளில் தணியும். வலி முதலில் போகும், பலம் பிறகு, மரப்பு கடைசியில். கண்மாய் மடையில் அடைத்த குப்பையை எடுத்ததும் தண்ணீர் வந்துவிடும், ஆனால் அதுவரை காய்ந்த பயிர் நிமிர நாளாகுமே, அந்தக் கணக்குத்தான். பாத மரப்பு ஆறு மாதம், ஒரு வருஷம்வரை மெதுவாகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். இரண்டு வருஷம் நெரிந்த நரம்பு என்பதால் ஆத்தாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஆனால் காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது தெளிந்த நீர்க் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், கால் புதிதாகப் பலமிழப்பது, சிறுநீர் போகாமை இவை சகஜத்தில் சேராது. உடனே சர்ஜனுக்குப் போன், பதில் இல்லை என்றால் நேரே எமர்ஜென்சி.

ஆறு வாரம் கழித்துச் சர்ஜன் பார்த்துச் சரி என்ற பிறகுதான் என் போன்றவர்களின் வேலை முழுதாகத் தொடங்கும். வயிறு, இடுப்பு, பின்தொடைத் தசைகளைப் பலப்படுத்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, படி ஏறுவது. பலர் கால் வலி போனதும் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருஷம் நடக்காமல் இளைத்த தொடை, ஆபரேஷனால் மட்டும் தேறாது.

பழநிக்கு வருவோம். குன்றக்குடியிலிருந்து காவடியோடு நாள்கணக்கில் நடப்பது தார்ச்சாலை, பனி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த விஷயம். ஆபரேஷன் ஆன அந்த வருஷத் தைப்பூசத்துக்கு நான் வேண்டாம் என்பேன். அடுத்த வருஷம் ஆத்தா ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்கிறார்களா, மறுநாள் காலையும் அதைச் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் நடை மட்டும் கூட்டத்தோடு போகலாம், மிச்சத்துக்கு வண்டி. சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் எந்த வருஷமும் வெறுங்காலில் வேண்டாம். கொப்புளம் வந்தது தெரியாது, அது ஆறவும் ஆறாது.

லீவைப் பொறுத்தவரை இரண்டு வாரம் எடுங்கள், ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்து தையல் பிரிக்கும் நாள்வரை. அதை இரண்டாக உடைத்து முதல் ஐந்து நாளை மதுரையிலும் மீதியைச் சென்னையில் வேலைக்குப் போயும் கழிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆத்தா வீட்டுக்கு வந்த பிறகான முதல் வாரத்துக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். பிறகு ஒரு மாதம் ராத்திரியும் தங்கும் ஆள் ஒருவர். ஆறாவது வாரச் செக்கப்புக்கு மறுபடி இரண்டு நாள் வாருங்கள், டாக்டர் என்ன சொன்னார் என்பதை ஆத்தா வழியாகக் கேட்டால் "நல்லா இருக்குன்னாரு" என்பதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.